மூட்டை உட்கார்ந்த சீட்டு

முனிலட்சுமி அன்றைக்கு இரண்டு ஆள் அறுக்கிற ராகியை ஒருத்தியாக அறுத்துப் போட்டாள். வேலை மேல் ஆசைப்பட்டு அல்ல, கோபத்தில். கார்த்திகைப் பனி கதிர்களின் மேல் ஈரமாகப் படிந்திருந்தது. விரல்கள் விறைத்துப்போகிற குளிர். மற்ற பெண்கள் முந்தானையைக் காதோடு சுற்றிக்கொண்டு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தார்கள். இவள் அரிவாள் மட்டும் தனியாகச் சத்தம் போட்டது.

"ஏம்மே, ராகி உனக்கு என்னா கெடுதல் பண்ணுச்சி?" என்றாள் அடுத்த வரிசையில் அறுத்துக்கொண்டிருந்த நஞ்சம்மா. "தாளோட சேத்து பூமியவும் அறுத்துருவ போல."

"ஆளை அறுக்க முடியல. ராகிய அறுக்கறேன்."

"எந்த ஆளை?"

"மொதல்ல என் ஊட்டு ஆளை. அப்பறம் மத்தவங்கள."

நஞ்சம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "நெசமாவே கால்ல உழறேன்னு ஒத்துக்கினானா ஆஞ்சப்பன்?"

முனிலட்சுமி அடுத்த பிடியைச் சேர்த்து அறுத்தாள். அறுப்புக் கொல்லை முழுக்கத் தெரிந்த விஷயம்தான். நாளை மறுநாள் குந்தாரப்பள்ளிச் சந்தை. அங்கே நாலு ஊர் ஜனமும் கூடியிருக்கும்போது, அவள் புருஷன் ஆஞ்சப்பன், நிலத்துக்காரர் கோவிந்தப்பனின் மைத்துனர் காலில் விழுந்து, "நீங்க வண்டியில இருந்து உழுந்தது என் கை பண்ண தப்பு" என்று சொல்ல வேண்டும். கோவிந்தப்பன் வீட்டு உத்தரவு அது. ஆஞ்சப்பனும் தலையாட்டிவிட்டு வந்திருந்தான்.

கோவிந்தப்பன் வீட்டுக்கு அந்த மோட்டார் சைக்கிள் வந்து நாலு மாதம் ஆகிறது. ஐம்பத்தேழாம் வருஷத்தில் அந்தப் பக்கத்தில் சொந்தமாக மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். 'பட்பட்டி' என்றுதான் ஊர் அதைச் சொன்னது. மெட்ராசிலிருந்து வாங்கிக்கொண்டு வந்தார். ஓட்டக் கற்றுக்கொண்டார். பராமரிக்கத்தான் ஆள் தேவைப்பட்டது. ஆஞ்சப்பனைக் கூப்பிட்டார்.

ஆஞ்சப்பன் அவருடைய நிலத்தில் ஏர் ஓட்டுகிறவன். ஆனால் யுத்தத்தின்போது பட்டாளத்தில் சேர்ந்து அஸ்ஸாம் பக்கத்தில் மோட்டார் பட்டறையில் நாலு வருஷம் இருந்தவன். தபால் கொண்டுபோகும் சிப்பாய்களின் மோட்டார் சைக்கிள்களைப் பிரித்து மாட்டி, தானே ஓட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பியவன். அங்கே அவன் உட்காராத சீட்டு இல்லை.

ஊரில் கதை வேறு. கோவிந்தப்பனின் வண்டியில் அவன் ஆயிலுக்குள் கை விடலாம். சக்கரத்தில் அப்பிய சாணியை விரலால் நோண்டி எடுக்கலாம். கைப்பிடியைப் பிடித்துக் கிணறு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்க் கழுவிக்கொண்டு வரலாம். சீட்டில் மட்டும் உட்காரக் கூடாது. யாரும் அதை வாயால் சொன்னதில்லை. சேரிக்காரன் எதைத் தொடலாம், எதில் உட்காரலாம் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் கோவிந்தப்பன் அவனைக் களத்துக்கு வரச் சொன்னார். முனிலட்சுமி அப்போது அங்கேதான் அவரைக்கொட்டை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டா ஆஞ்சா, இது வண்டியா கழுதையா? ஒவ்வொரு பள்ளத்துலயும் பின்னால ஒதைக்குது. இடுப்பு கழண்டு போவுது."

ஆஞ்சப்பன் குனிந்து பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் இருந்த ஸ்பிரிங்குகளைப் பார்த்தான். பட்டாளத்து வண்டிகளுக்குப் பின்னால் ஸ்பிரிங்கே கிடையாது. இந்த மாதிரி இப்போதுதான் வந்தது. ஒவ்வொரு ஸ்பிரிங்கின் அடியிலும் ஒரு இரும்பு வளையம். வளையத்தில் படிக்கட்டு மாதிரி மூன்று படி. திருப்பித் திருப்பிப் பார்த்தே அதன் சூட்சுமத்தைக் கண்டுபிடித்திருந்தான். முதல் படியில் வைத்தால் ஸ்பிரிங் தளர்ந்து மெத்தென்று இருக்கும். மூன்றாவது படிக்கு ஏற்றினால் இறுகி, பாரம் தாங்கும். திருப்புவதற்கு மாட்டுவண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டையை வளைத்து ஒரு கொக்கி ஸ்பேனர்கூட அவனே அடித்து வைத்திருந்தான்.

"மூணாவது படியில கீது சாமி. அதான் ஒதைக்குது. எறக்கலாம். ஆனா எத்தனை படின்னு ஒக்காந்து பாத்தாத்தான் தெரியும். ரோடு வரைக்கும் ஒரு வாட்டி நான் ஓட்டிப் பாத்துட்டு..."

"நீயா?" என்றார் கோவிந்தப்பன். அவ்வளவுதான் சொன்னார்.

ஆஞ்சப்பன் கண்ணைக் கீழே இறக்கிக்கொண்டான். "இல்லன்னா சாமியே ஒக்காருங்க. பின்னால இன்னொருத்தரு ஒக்காந்தா நான் கீழ குனிஞ்சி பாத்துக்கறேன்."

"நான் காலை அகட்டிக்கினு ஒக்காரணும், நீ கீழ இருந்து அண்ணாந்து பாப்ப. ஏண்டா, நல்லாத்தான் கீது உன் வைத்தியம். மூட்டைய தூக்கி வைடா."

களத்தில் இருந்த ஆட்கள் சிரித்தார்கள். இரண்டு பேர் ஒரு ராகி மூட்டையைத் தூக்கிச் சீட்டின் மேல் கிடத்திப் பிடித்துக்கொண்டார்கள். முதல் படியில் வைத்தபோது வண்டி நாலு விரல் இறங்கி அமைதியாக நின்றது.

"இது போதாது சாமி. மூட்டை சும்மா கெடக்கும். மனுசன் ரோட்டுல குதிப்பான். ரெண்டு பேரா போறப்ப ஒரு வார்த்த சொல்லுங்க, படி ஏத்தி உடறேன். மறந்துட்டீங்கன்னா பின்சக்கரம் மேல போயி மட்கார்டுல இடிக்கும்."

"எனக்கு மெத்துனு இருக்கணும். உடு."

முனிலட்சுமி முறத்தைக் கையில் பிடித்தபடியே அத்தனையும் கேட்டாள். சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்த கோவிந்தப்பன் பெண்சாதி சரோஜம்மாளும் கேட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை, ஆனேக்கல்லிலிருந்து வந்திருந்த மைத்துனர் சென்னகிருஷ்ணனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கோவிந்தப்பன் ஓசூருக்குக் கிளம்பினார். இரண்டு பேரும் நெய்யும் களியுமாக வளர்ந்த உடம்புக்காரர்கள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சூளகிரி தாண்டி ஒரு சின்னப் பாலத்தில் வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியபோது பின்பக்கம் ஆடி, இருவரும் ரோட்டில் கிடந்தார்கள். கோவிந்தப்பனுக்கு முட்டி உரிந்தது. சென்னகிருஷ்ணனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

அன்று சாயங்காலமே பேச்சு எழுந்துவிட்டது: ஆஞ்சா கை வைத்த வண்டி, அதனால்தான்.

அறுப்பு முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது ஆஞ்சப்பன் அடுப்படியில் உட்கார்ந்திருந்தான். அவள் களி கிண்டினாள். துடுப்பு பானையின் சுவரில் இடித்த சத்தம் பக்கத்துக் குடிசைக்கும் கேட்டிருக்கும். அவரைக்கொட்டைச் சாற்றை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். அவன் ஒரு உருண்டையைக் கிள்ளி வைத்துக்கொண்டு தின்னாமல் இருந்தான்.

"தின்னு. கால்ல உழறதுக்கும் உடம்புல தெம்பு வேணும்."

"ஏம்மே இப்பிடி பேசற."

"வேற எப்பிடி பேசறது? பஸ் ஷெட்டு முனிசாமி சந்தைக்கு வராரா இல்லியா?"

"வராரு. ஆடு வாங்கணுமாம்."

கிருஷ்ணகிரியில் ஒரு பஸ் கம்பெனியின் ஷெட்டில் மேஸ்திரி முனிசாமி. ஆஞ்சப்பனின் கை வேலையை ஒரு முறை பார்த்துவிட்டு, தை பிறந்ததும் வந்து சேர்ந்துகொள் என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு புருஷனும் பெண்சாதியும் இரண்டு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்: அங்கே வாடகைக்கு ஒரு அறை, காலையில் சங்கு ஊதியதும் வேலை, காக்கிச் சட்டை.

"அவரு காதுபட நீ, 'என் கை தப்பு'ன்னு சொல்லப்போற. அப்பறம் உன்ன பஸ்ஸுக்குக் கீழ படுக்க உடுவாரா? முப்பது பேரு ஏறுற வண்டிய உன் கையில தருவாரா?"

"தெரியும்மே."

"தெரிஞ்சா போற?"

ஆஞ்சப்பன் தலையை நிமிர்த்தினான். அவன் கண்ணிலும் கோபம் இருந்தது. ஆனால் அது எங்கே போவது என்று தெரியாத கோபம். "இந்தக் குடிசை யாரு எடத்துல நிக்குது? சந்தையில வாயத் தொறக்கலன்னா அன்னிக்கே பிரிச்சி எடுத்துக்கினு போன்னு சொல்லிட்டாரு. உன்னக் கூட்டிக்கினு எங்க போவேன்?"

"நாலு கழி, நாலு கத்தை புல்லு. இத வேற எங்கியாவது நட்டுக்கலாம். உன் கை பேரு கெட்டா எங்க நடுவ?"

"நான் மூட்டை போதாதுன்னு சொன்னத யாரு சொல்லுவா? நீ சொன்னா, பொண்டாட்டி வேற எப்பிடி சொல்லுவான்னு சிரிப்பாங்க."

"அவங்க ஊட்டம்மாவும் கேட்டாங்க."

அவன் சிரித்தான். வருத்தமான சிரிப்பு. அவள் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து அவன் கையைப் பிடுங்கி மடியில் வைத்துத் தேய்த்தாள். பனியில் வெடித்த விரல்கள், வெடிப்பு முழுக்கக் கருப்பு கிரீஸ். எத்தனை தேய்த்தாலும் போகாது. கல்யாணமான புதிதில் அந்த வாசனை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. ஊரில் வேறு எவள் புருஷன் மேலும் அடிக்காத வாசனை.

"வலிக்குதும்மே. மெல்ல."

"வலிக்கட்டும்," என்றாள் அவள். ஆனாலும் மெல்லத் தேய்த்தாள்.

மறுநாள் காலையில் அவள் கோவிந்தப்பன் வீட்டுப் பின்கட்டுக்குச் சாணி அள்ளப் போனபோது சரோஜம்மாள் அவரைப் பந்தலில் காய் பறித்துக்கொண்டிருந்தாள். உள்ளே சென்னகிருஷ்ணன் முனகுவது கேட்டது. சரோஜம்மாளுக்கு அவர் கூடப்பிறந்த அண்ணன்.

முனிலட்சுமி கூடையைக் கீழே வைத்தாள். "அம்மா, அன்னிக்குக் களத்துல எங்க ஊட்டுக்காரரு சொன்னது உங்க காதுல உழுந்துச்சி இல்ல?"

"என்னா சொன்னான்?"

"மூட்டை போதாது, ரெண்டு பேரா போறப்ப சொல்லுங்கன்னாரு. நீங்க கதவுகிட்ட நின்னீங்க."

சரோஜம்மாள் காய் பறிப்பதை நிறுத்தவில்லை. "உழுந்துச்சி. அதுக்கு?"

"சந்தையில வந்து சொல்ல வேணாம்மா. பெரியவருகிட்ட மட்டும் ஒரு வார்த்த, அவன் அப்பிடி சொன்னானேன்னு. அவரு மறந்துட்டிருப்பாரு."

சரோஜம்மாள் இப்போதுதான் திரும்பினாள். அவள் முகத்தில் பொல்லாத்தனம் இல்லை. களைப்புதான் இருந்தது.

"மறந்துட்டாரா? அவருக்கு நல்லாத் தெரியும், முனிலட்சுமி. தெரிஞ்சிதான் சொல்றாரு. ஆனேக்கல்லுல இருந்து ஜனம் வந்து வந்து எப்பிடி உழுந்தீங்கன்னு கேக்குது. என்னா சொல்லுவாரு? எனக்கு ஓட்டத் தெரியலன்னு சொல்லுவாரா? எங்க அண்ணனுக்கு ஒரு பதில் வேணும். உன் புருசன் ஒரு வாட்டி குனிஞ்சி எழுந்தா முடிஞ்சி போச்சி. குனியாத ஆளா அவன்?"

முந்தானையிலிருந்த அவரைக்காயை இரண்டு கையாலும் அள்ளி நீட்டினாள். "இந்தா. சாறு வை. கோவத்தப் போட்டுக்கினு ஒடம்பக் கெடுத்துக்காத."

முனிலட்சுமி வாங்கிக்கொண்டாள். வாங்காமல் இருந்து பழக்கமில்லை. பின்வாசல் படி வரைக்கும் வந்தவள், காயை அந்தப் படியிலேயே கொட்டிவிட்டு நடந்தாள். இதுவரைக்கும் அவள் கோபத்தில் ஒரு ஓரமாகச் சந்தேகம் இருந்தது, பெரியவர் மறந்திருக்கலாம் என்று. இப்போது அது இல்லை.

சந்தையன்று விடிந்ததும் அவள் பெரிய கூடையை எடுத்து வைத்தாள். அலுமினியக் குண்டான், களிப் பானை, தன் மாற்றுப் புடவை, அரிவாள், அவனுடைய கொக்கி ஸ்பேனர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அதில் அடுக்கினாள்.

ஆஞ்சப்பன் பார்த்துக்கொண்டு நின்றான். "என்னாத்துக்கும்மே இத்தனையும்?"

"சந்தைக்குப் போறவ வெறுங்கூடையோட போவாளா?"

அவன் கூடைக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு கூரைச் சந்தில் செருகியிருந்த தகரக் குழாயை உருவினான். அதில்தான் பட்டாளத்துக் காகிதம் இருந்தது. அதைக் கூடையில் புடவைக்கு அடியில் வைத்தான். "மழை வந்தா நனைஞ்சிடும்," என்றான். வானத்தில் மேகமே இல்லை.

குந்தாரப்பள்ளிச் சந்தை அந்த நேரத்துக்கே நிரம்பிவிட்டது. மாட்டுக் கழுத்து மணிகள், ஆட்டுக் கத்தல், புழுதி. தமிழில் விலை கேட்டால் தெலுங்கில் பதில் வந்தது, கன்னடத்தில் வசவு வந்தது. தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். புளியமரத்தடியில் மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நின்றது. தனியாக ஓட்டிக்கொண்டு வந்திருந்தார் கோவிந்தப்பன். பக்கத்தில் கூண்டு வண்டியில், கையைத் துணியில் தொட்டில் கட்டிக்கொண்டு சென்னகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். வேடிக்கைக்கு ஜனம் சேர்ந்திருந்தது. ஆட்டுக் கயிற்றைக் கையில் சுற்றியபடி காக்கி அரைக்கால் சட்டையில் முனிசாமியும் நின்றார்.

"வாடா," என்றார் கோவிந்தப்பன். "எல்லாரும் இருக்காங்க. சொல்லு."

ஆஞ்சப்பன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். இரண்டு அடி முன்னால் போனான். "சாமி... என்னோட..." என்று ஆரம்பித்தான்.

முனிலட்சுமி கூடையை இறக்கி வைத்தாள். நேராக நடந்து போனாள். புடவைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, காலைப் போட்டு, மோட்டார் சைக்கிளின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

ஜனத்துக்கு முதலில் புரியவில்லை. மாடுகளின் மணி மட்டும் கேட்டது.

"ஏய், எறங்குடி," என்று யாரோ சத்தம் போட்டார்கள்.

"எறங்கறேன். மொதல்ல ஒண்ணு கேக்கறேன்." அவள் சீட்டைத் தட்டிக் காட்டினாள். "இந்த சீட்டுல எங்க ஊட்டுக்காரரு ஒக்காந்து பாக்கறேன்னாரு. கூடாதுன்னு மூட்டைய ஏத்தி வச்சாங்க. அந்த ராகி நான் நட்டது. நான் களை எடுத்தது. நான் அறுத்து, அடிச்சி, தூத்தி, மூட்டை கட்டுனது. அது ஒக்காரலாம், நான் ஒக்காரக் கூடாதா?"

"ஆஞ்சா," என்றார் கோவிந்தப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு, "உன் பொண்டாட்டிய எறக்கு."

முனிலட்சுமி புருஷனைப் பார்த்தாள். "மாமா, வந்து பாரு. எவ்வளோ எறங்குதுன்னு பாத்து சொல்லு."

ஆஞ்சப்பன் நின்ற இடத்திலேயே நின்றான். அவன் வாய் என்னவோ சொல்ல வந்தது. காலில் விழுகிற வார்த்தையாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஆனால் அவன் கண் பின்சக்கரத்தின் மேல் போய் நின்றுவிட்டது.

"ஸ்டாண்டுல நின்னா தெரியாதும்மே," என்றான். "சக்கரம் தரையில படணும்."

முனிசாமி, "அது நெசந்தான்," என்று தன்னை அறியாமல் சொல்லிவிட்டார்.

ஆஞ்சப்பன் போய்ப் பின்னாலிருந்து வண்டியை முன்னால் தள்ளினான். ஸ்டாண்டு மடங்கியது. அவள் தடுமாறி இரண்டு காலையும் மண்ணில் ஊன்றினாள். பிறகு அவன் அவளுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

பத்து வருஷத்துக்கு அப்புறம் ஒரு மோட்டார் சைக்கிள் சீட்டு. கொஞ்ச நேரம் அவன் அசையவே இல்லை. அவன் மூச்சு அவள் பிடரியில் பட்டது. கல்யாணம் முடிந்து மாப்பிள்ளையும் பெண்ணும் ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து நடந்தே வந்தவர்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வண்டியில் உட்கார்வது இதுதான் முதல் தடவை.

அவன் எழுந்து உட்கார்ந்தான். மறுபடியும் எழுந்து, முழுப் பாரத்தையும் போட்டு உட்கார்ந்தான். அடியில் கரகரவென்று இரும்பில் ரப்பர் தேய்கிற சத்தம் வந்தது. சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டது.

"மட்கார்டுல இடிக்குது," என்றான்.

முனிசாமி ஆட்டோடு சேர்ந்து முன்னால் வந்தார். குனிந்து மட்கார்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பெயிண்ட் தேய்ந்து இரும்பு பளபளத்தது. விரல் கருப்பாக வந்தது.

"எத்தனாவது படியில கீது?"

"மொதப் படி. நான் வச்சதுதான். ஒரு மூட்டைக்கு வச்சது." ஆஞ்சப்பனின் குரல் தெளிவாகவே வந்தது. "சோறு காணாத ரெண்டு ஒடம்பு குதிச்சாலே இடிக்குது. அவங்க ரெண்டு பேரும் போனா பாலத்துல என்னா ஆவும்?"

கூட்டத்தில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். கூண்டு வண்டியிலிருந்து சென்னகிருஷ்ணன் நல்ல கையை ஊன்றி முன்னால் நகர்ந்தார்.

"ஏன் பாவா," என்று தங்கை புருஷனைக் கேட்டார், "ஒக்காந்து பாக்கணும்னு இவன் மொதல்லயே உங்கிட்ட சொன்னானா?"

கோவிந்தப்பன் அவர் பக்கம் திரும்பவில்லை. "இன்னிக்கே குடிசைய பிரிடா," என்றார்.

"காலையிலயே காலி பண்ணியாச்சி சாமி," என்றாள் முனிலட்சுமி. கூடை எங்கே இருக்கிறது என்று மோவாயால் காட்டினாள்.

ஆஞ்சப்பன் இறங்கினான். கூடையிலிருந்து கொக்கி ஸ்பேனரை எடுத்தான். அவள் சீட்டிலேயே இருந்தபடி காலை ஊன்றி வண்டியைப் பிடித்துக்கொள்ள, இடது பக்கம் ஒரு படி, வலது பக்கம் ஒரு படி, கையால் தடவிப் பார்த்து மறுபடியும் ஒவ்வொன்று. யாரும் அவனைத் தடுக்கவில்லை. வேலை நடந்துகொண்டிருந்தது. பாதி வேலையில் ஒருவனை நிறுத்துவது எப்படி என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

வேலையை முடித்துவிட்டு அவன் மறுபடியும் அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

"எறங்குங்க ரெண்டு பேரும்," என்றார் கோவிந்தப்பன். குரல் உடைந்திருந்தது. "எறங்குங்கடா."

"இருங்க சாமி," என்றான் ஆஞ்சப்பன். "ஒக்காந்து பாத்தாத்தான் தெரியும்."

முனிலட்சுமியின் கோபம் இன்னும் தீரவில்லை. தீரும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு பாதத்தையும் சந்தைப் புழுதியில் அழுத்தமாக ஊன்றினாள்.

"ம், குதி மாமா," என்றாள்.